பெயரில்லாத வேலையைத் தேர்ந்தெடுத்தவர்
(கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் வாழ்க்கை)



நம் சுவர் இதழில் காந்தியடிகள் வந்துவிட்டார், மேரி கியூரி வந்துவிட்டார், அப்துல் கலாம் ஐயா ரெண்டு தடவை வந்துவிட்டார். இந்த முறை நான் எழுதுகிறவரின் பெயரைச் சொல்லவே எங்களுக்கு ரெண்டு நாள் பிடித்தது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஆனால் கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இவரைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இவரைப் பற்றிச் சொன்னது எங்கள் தெருவில் இருக்கிற ஓர் அக்கா. எம்.இ. கம்ப்யூட்டர் முடித்தவர். பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைப் பகிர்ந்து செய்வது எப்படி என்பதில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய், அதைப் படித்தால் என்ன வேலை, அந்த வேலைக்குப் பேர் என்ன என்று அவங்க அப்பா கேட்கிறார். அக்காவுக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்துதான் இந்தக் கதையை எனக்குச் சொன்னார்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் நெதர்லாந்து நாட்டில் ராட்டர்டாம் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். அப்பா பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அம்மா கணிதம் படித்தவர். வேலைக்குப் போகாவிட்டாலும் அம்மாவின் கணக்கு மூளை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கணக்கு கஷ்டமா என்று சிறுவன் கேட்டபோது அம்மா சொன்ன யோசனையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. சூத்திரங்களை நன்றாகத் தெரிந்துகொள், ஒரு கணக்குக்கு ஐந்து வரிக்கு மேல் போனால் தப்பான வழியில் போகிறாய் என்று புரிந்துகொள் என்பதுதான் அது. (நான் ஐந்து பக்கம் போட்டும் விடை வராத கணக்கை நினைத்துக்கொண்டேன்!)

அவருக்குப் பத்து வயது முடிந்த மூன்றாம் நாள், 1940 மே 14 அன்று, ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாம் மீது குண்டு போட்டன. நகரின் நடுப்பகுதியே எரிந்து போனது. போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நாட்டின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம் வந்து சுமார் 20 ஆயிரம் பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில்தான் அவர் பள்ளியில் படித்தார்.

அவருக்கு முதலில் சட்டம் படிக்கத்தான் ஆசை. ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டின் சார்பில் பேச வேண்டும் என்று நினைத்திருந்தார். ஆனால் அறிவியலில் மதிப்பெண் அவ்வளவு நன்றாக இருந்ததால் அந்தப் பக்கமே போகச் சொன்னார்கள். 1948இல் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்பியல் படித்தார்.

மூன்று வாரப் பயிற்சி

1951இல் அவர் அப்பா ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினிக்கு நிரல் எழுத மூன்று வாரப் பயிற்சி. மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் குழு எட்சாக் என்ற கணினியைக் கட்டி 1949இல் ஓட்டிக் காட்டிய இடம் அது. அப்பா மகனை அங்கே அனுப்பி வைத்தார். அந்த மூன்று வாரம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பி விட்டது.

திரும்பி வந்ததும் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் வான் வைன்கார்டன் என்ற பேராசிரியர் அவரை வேலைக்கு அழைத்தார். 1952 மார்ச்சில் சேர்ந்தார். நெதர்லாந்து நாட்டிலேயே புரோகிராமர் என்ற வேலையில் சேர்ந்த முதல் ஆள் அவர்தான். படிப்பு லைடனில், வேலை ஆம்ஸ்டர்டாமில் என்று ரெண்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். அங்கே சிலர் கணினியைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அது முடிவதற்குள் அதற்கு வேண்டிய நிரலை இவர் எழுதி வைக்க வேண்டும். இல்லாத இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க முடியுமா? முடியாது. அதனால் காகிதத்திலேயே எழுதி, காகிதத்திலேயே சரிபார்த்து, தப்பே வராது என்று மனசுக்குள் உறுதி செய்துகொள்ளப் பழகினார். இந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.

படிப்பா, வேலையா?

1955இல் அவருக்கு ஒரு பெரிய குழப்பம் வந்தது. இயற்பியலில் தொடர்ந்தால் மதிப்பு உண்டு, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், புத்தகங்கள் இருக்கின்றன. நிரல் எழுதும் வேலைக்கு என்ன இருக்கிறது? பாடம் இல்லை, பட்டம் இல்லை. உனக்கு என்ன தெரியும் என்று நாலு பேர் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. துணிந்து வான் வைன்கார்டனிடம் போய் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினார்.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். அவன் சொல்வது சரிதான், இது இன்னும் ஒரு துறையாக வளரவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் கணினி வந்துவிட்டது, இனி அது போகாது, இதை மதிப்புள்ள துறையாக ஆக்கப் போகிறவர்களில் நீயும் ஒருவனாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு வெளியே வந்தவர் முடிவு செய்துவிட்டார். இயற்பியல் படிப்பைப் பாதியில் விடாமல் 1956இல் முடித்தார். அதற்குப் பிறகு முழுநேரமும் கணினிதான்.

காபிக் கடையில் இருபது நிமிடம்

1956இல் ஆர்மாக் என்ற புதிய கணினியின் தொடக்க விழா. பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி அது எதையாவது செய்து காட்ட வேண்டும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் குறைந்த தூரத்தில் போகும் வழி எது என்ற கேள்வியை டைக்ஸ்ட்ரா எடுத்துக்கொண்டார். ஒரு நாள், தான் மணக்கப் போகும் பெண்ணோடு கடைவீதிக்குப் போனார். நடந்து களைத்து இருவரும் காபி குடிக்க உட்கார்ந்தபோது இருபதே நிமிடத்தில் அதற்கு வழி கண்டுபிடித்தார். கையில் பென்சிலும் இல்லை, காகிதமும் இல்லை. எழுதிப் பார்க்க முடியாததால்தான் தேவையில்லாத சிக்கல் எதுவும் சேராமல் முறை அவ்வளவு எளிமையாக வந்தது என்று பிற்காலத்தில் சொன்னார்.

முறை இதுதான். புறப்படும் ஊருக்கு மிக அருகில் இருக்கும் ஊரை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். அங்கிருந்து பக்கத்து ஊர்களுக்கு எவ்வளவு தூரம் என்று கூட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னும் முடிவு செய்யாத ஊர்களில் எதற்குத் தூரம் குறைவோ அதை அடுத்து முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த ஊரைத் திரும்பப் பார்க்கவே தேவையில்லை. இப்படியே போனால் சேர வேண்டிய ஊர் வந்துவிடும். விழாவுக்காக நெதர்லாந்து வரைபடத்தில் 64 ஊர்களை எடுத்துக்கொண்டார். 1959இல் மூன்றே பக்கத்தில் இதை வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கணினி மாணவர்கள் இந்த முறையை அவர் பெயராலேயே படிக்கிறார்கள். இணையத்தில் செய்தி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கணக்கிடுவதற்கும் இது பயன்படுகிறது.

கல்யாணப் பதிவேட்டில் நடந்தது

அந்தப் பெண்ணின் பெயர் மரியா டெபெட்ஸ். அவரும் அதே கணித மையத்தில் கணக்குப் போடும் வேலையில் இருந்தவர். 1957இல் இருவருக்கும் கல்யாணம். பதிவு செய்யப் போன இடத்தில் மாப்பிள்ளையின் தொழில் என்ன என்று கேட்டார்கள். புரோகிராமர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகர அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்கள்! கடைசியில் இயற்பியல் அறிஞர் என்று எழுதித்தான் பதிவு நடந்தது.

இந்த இடத்தை அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

அவர் செய்த ஆராய்ச்சி

1959இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. வழிகாட்டி அதே வான் வைன்கார்டன்தான். ஆராய்ச்சி எதைப் பற்றி என்றால், எக்ஸ்1 என்ற கணினி வேலையின் நடுவில் குறுக்கீடு வந்தால் அதை எப்படிச் சமாளிப்பது என்பது பற்றி.

நம் வீட்டிலேயே பார்க்கலாம். அம்மா குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறார். வாசலில் பால்காரர் கூப்பிடுகிறார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். உப்பு போட்டாச்சா இல்லையா என்பது மட்டும் மறந்து போச்சு என்றால் குழம்பு கெட்டது! கணினிக்கும் அதே கதி. குறுக்கீடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை வந்த தப்பு மறுபடி வராது. அதனால் ஓட்டிப் பார்த்துத் தப்பைப் பிடிக்க முடியாது. இந்த ஏற்பாடு வேண்டும் என்று இயந்திரம் கட்டியவர்கள் கேட்டபோது முதலில் அவருக்கே பயமாக இருந்ததாம். பயந்த விஷயத்தையே எடுத்து ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினார் பாருங்கள்!

அடுத்த வருடம் யாப் சோனவெல்ட் என்ற நண்பரோடு சேர்ந்து ஆல்கால் 60 என்ற கணினி மொழிக்கு மொழிமாற்று நிரல் எழுதினார். வேலை முடிகிறவரை சவரம் செய்வதில்லை என்று இருவரும் சபதம் எடுத்தார்கள். 1960 ஆகஸ்டில் வேலை முடிந்தது. நண்பர் தாடியை எடுத்துவிட்டார். இவர் வைத்துக்கொண்டார். படங்களில் இவர் தாடியோடு இருப்பதற்கு இதுதான் காரணம்.

கைகாட்டி மரம்

1962இல் ஐந்தோவன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கே ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு, ஒரே கணினியில் பல வேலைகள் ஒன்றோடொன்று மோதாமல் நடக்க ஏற்பாடு செய்தார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ரயில் கைகாட்டி மரம். ஒரு தண்டவாளத்தில் ஒரு ரயில் போகும்போது கைகாட்டி மற்ற ரயிலை நிறுத்தி வைக்கிறது அல்லவா? அதே மாதிரி ஒரு வேலை ஒரு பொருளைப் பயன்படுத்தும்போது மற்ற வேலை காத்திருக்கும். முடிந்ததும் வழி விடும். அந்த ஏற்பாட்டுக்குக் கைகாட்டி என்ற அர்த்தம் வரும் பெயரையே வைத்தார்.

காத்திருப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. எங்கள் வகுப்பில் படம் வரைய ஸ்கேலும் வேண்டும், காம்பஸும் வேண்டும். ஒருத்தி ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு காம்பஸுக்குக் காத்திருக்கிறாள், இன்னொருத்தி காம்பஸைப் பிடித்துக்கொண்டு ஸ்கேலுக்குக் காத்திருக்கிறாள் என்றால், மணி அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் படம் போட மாட்டார்கள். கணினிகளும் இப்படி மாட்டிக்கொள்ளும். இதை 1965இல் தன் மாணவர்களுக்குத் தேர்வுக் கேள்வியாகவே கொடுத்தார். ஒரு வட்ட மேசையைச் சுற்றி ஐந்து தத்துவ ஞானிகள் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் சாப்பிட இரண்டு முட்கரண்டி வேண்டும், ஆனால் மொத்தமே ஐந்துதான் இருக்கிறது என்று டோனி ஹோர் என்ற அறிஞர் பின்னால் அதைக் கதையாக்கினார். இன்றும் கல்லூரிகளில் அந்தக் கதை பாடமாக இருக்கிறது.

1972இல் கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது பேசிய உரையில், தான் ஏற்கெனவே பெரிய ஆள் என்று பேசாமல், நம் மூளை சின்னது என்பதை மறக்காமல் அடக்கத்தோடு நிரல் எழுத வேண்டும் என்ற கருத்தைத்தான் சொன்னார். கல்யாணப் பதிவேட்டுக் கதையையும் அந்த மேடையில் அவரே சொன்னார். எந்தத் தொழில் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்களோ, அதே தொழிலுக்காக 15 வருடம் கழித்து விருது!

நாங்கள் விளையாடிப் பார்த்தது

1974இல் அவர் ரெண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பல கணினிகள் வளையமாக இணைந்திருக்கின்றன. தலைவர் மாதிரி எல்லாவற்றையும் மேலே இருந்து பார்ப்பவர் யாரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தன் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஏதோ கோளாறு வந்து எல்லாம் தாறுமாறாகிவிட்டால், வெளி ஆள் வராமல் அவையே சரியாகிக்கொள்ள முடியுமா? முடியும் என்று காட்டினார்.

அக்கா சொன்னபடி சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் இதை விளையாடிப் பார்த்தோம். ஐந்து பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு சிலேட்டு. அதில் 0 முதல் 5 வரை ஏதாவது ஓர் எண்ணை எழுத வேண்டும். ஒவ்வொருவரும் தன் இடது பக்கத்துச் சிலேட்டை மட்டும்தான் பார்க்கலாம். இரண்டாம் ஆளுக்கு இடது பக்கம் முதல் ஆள், மூன்றாம் ஆளுக்கு இரண்டாம் ஆள், இப்படியே போய் முதல் ஆளுக்கு இடது பக்கம் ஐந்தாம் ஆள்.

விதி ரெண்டுதான். முதல் ஆள், தன் எண்ணும் பக்கத்து எண்ணும் ஒன்றாக இருந்தால் தன் எண்ணோடு ஒன்று கூட்ட வேண்டும். (5க்கு அப்புறம் 0.) மற்ற நாலு பேரும், தன் எண் பக்கத்து எண்ணிலிருந்து மாறி இருந்தால் அதைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். மாற்ற வேண்டிய நிலையில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் முறை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் மாற்ற வேண்டும்.

நாங்கள் எழுதியது 2, 5, 1, 1, 4. இப்போது இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள், ஐந்தாம் ஆள் என்று மூன்று பேருக்கு முறை இருக்கிறது. ஒரே குழப்பம். இரண்டாம் ஆள் 2 என்று மாற்றினாள். முறை இரண்டு பேருக்குக் குறைந்தது. ஐந்தாம் ஆள் 1 என்று மாற்றினாள். 2, 2, 1, 1, 1. அவ்வளவுதான், மூன்றாம் ஆள் ஒருத்திக்கு மட்டும் முறை! அதன் பிறகு முறை ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டே போனது, ரெண்டு பேருக்குச் சேர்ந்து வரவே இல்லை. ஒருத்தி வேண்டுமென்றே தன் சிலேட்டில் தப்பாக எழுதினாள். கொஞ்ச நேரம் குழம்பி மறுபடியும் தானாகச் சரியாகிவிட்டது. எங்களுக்கு ஒரே ஆச்சரியம். மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையைப் பல வருடம் அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. 1983இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற அறிஞர் ஒரு மாநாட்டில் இதைப் புகழ்ந்து பேசிய பிறகுதான் பலர் தேடிப் படித்தார்கள். அதிலிருந்து ஒரு தனி ஆராய்ச்சிப் பிரிவே வளர்ந்தது.

கையெழுத்துப் பிரதிகள்

நம் சுவர் இதழ்க்காரர்களுக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். இவ்வளவு பெரிய கணினி மேதை தன் கட்டுரைகளைப் பேனாவில் எழுதினார்! ஆரம்பத்தில் டைப்ரைட்டரில் அடித்தவர், பின்னால் மை ஊற்றும் பேனாவுக்கு மாறிவிட்டார். அடித்தல் திருத்தல் இல்லாத அழகான கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டு வரிசை எண் கொடுத்து, நகல் எடுத்துச் சிலருக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் நகல் எடுத்து இன்னும் சிலருக்குக் கொடுப்பார்கள். இப்படி 1300க்கும் மேல் எழுதினார். முதலில் யோசித்து முடி, பிறகு எழுது என்பது அவர் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை மதியம் நண்பர்களோடும் மாணவர்களோடும் கூடி ஒரு கட்டுரையை எடுத்து வரி வரியாகப் படித்து விவாதிப்பார். 1984இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் அந்தச் செவ்வாய்க்கிழமை தொடர்ந்தது. கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் போதும் என்று பாடம் நடத்தினார். மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாய்மொழியாகவே தேர்வு வைத்தார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் வேலை பிடிக்காவிட்டால் மிகக் கடுமையாக எழுதிவிடுவார். அதனால் மனம் நொந்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் கணிதம் போல நிரூபிக்க நடைமுறையில் நேரம் இருக்காது என்று அவரோடு மாறுபட்டவர்களும் உண்டு.

கடைசி நாட்கள்

1999இல் ஓய்வு பெற்றார். 2002இல் புற்றுநோயோடு சொந்த நாட்டுக்குத் திரும்பி, ஆகஸ்ட் 6ஆம் நாள் நூனன் என்ற ஊரில் தன் 72ஆம் வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், பகிர்ந்து வேலை செய்யும் கணினிகள் பற்றிய ஆராய்ச்சிக்கான விருது அந்த ரெண்டு பக்கக் கட்டுரைக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு முதல் அந்த விருதுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

தோழர்களே, பத்தாவது முடித்ததும் என்ன குரூப் எடுக்கப் போகிறாய், அதுக்கு என்ன வேலை என்று நம்மையும் கேட்கப் போகிறார்கள். கேட்பவர்கள் நம் மேல் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் சில வேலைகளுக்குப் பெயர் பின்னால்தான் வரும். யாராவது ஒருவர் முன்னால் போய் அதை ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையை அக்காவின் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். கல்யாணப் பதிவேட்டு இடம் வந்ததும் மாமா லேசாகச் சிரித்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க அக்கா கையில் காசு கொடுத்து அனுப்பினார்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி